ஏழாம் எண் புள்ளி

இது கட்டிச் சொன்ன கதையில்லை. றிஸ்னா இன்னமும் புத்தளத்தில்தான் இருக்கிறாள். கேட்டால் மணி, நிமிஷத்தோடு சொல்வாள். ஆனால் கேட்கிறபோது அவளுக்குப் பின்னால் மட்டும் போய் நிற்காதீர்கள்.

போன வருஷம், ஓகஸ்ட் மாதத்து ஒரு சனிக்கிழமை. பாலாவிச் சந்தியைத் தாண்டி, உப்பளப் பக்கமாக ஒரு உள்ளக விளையாட்டரங்கு. தகரக் கூரை. ஒரே கதவு. பல்கலைக்கழக ஆய்வுக்காக றிஸ்னா அங்கே வந்திருந்தாள். வலைப்பந்து ஆடும் பெண்கள் தீப்பெட்டி அளவு டேக் ஒன்றை முதுகில் மாட்டிக்கொண்டு ஓடுவார்கள். சுவர்களில் பொருத்திய எட்டு அன்டெனாக்கள் அதன் சமிக்ஞையைப் பிடிக்கும். யார் எங்கே நிற்கிறார் என்று கணினித் திரையில் புள்ளியாகத் தெரியும். அந்தப் புள்ளி எவ்வளவு சரி? அதை அளப்பதுதான் அவள் வேலை. திங்கட்கிழமை அறிக்கை போகாவிட்டால் இரண்டு வருஷ உழைப்பு வீண்.

ஏழு பேர் வரவேண்டிய இடத்தில் ஆறு பேர்தான் வந்திருந்தார்கள். நடுவில் ஆடும் ஸும்ராவைக் காணவில்லை. கற்பிட்டியிலிருந்து வரவேண்டியவள். றிஸ்னா அவளை முன்பின் கண்டதில்லை.

"போனும் வேலை செய்யுதில்ல," என்றார் பயிற்சியாளர் யூஜீனியா. "நாங்க தொடங்குவம்."

3.52. ஆறு புள்ளிகள் ஓடத் தொடங்கின. தகரத்தில் பட்டுத் திரும்பிய சமிக்ஞை எல்லாவற்றையும் குழப்பியது. அசையாமல் நின்ற பெண்கூடத் திரையில் முக்கால் மீற்றர் தள்ளி நின்று நடுங்கினாள். றிஸ்னா பிழைகளைக் குறித்துக்கொண்டே இருந்தாள்.

4.07. ஏழாம் எண் புள்ளி தோன்றியது.

மைதானத்தின் நடுவட்டத்தில். றிஸ்னா நிமிர்ந்து பார்த்தாள். நடுவட்டத்தில் யாருமில்லை. ஸும்ராவுக்கென்று வைத்திருந்த ஏழாம் எண் டேக் அவள் காலடிப் பெட்டிக்குள் கிடந்தது. அதன் விளக்கு எரியவில்லை. இருந்தும் பற்றரியைக் கழற்றி மேசையில் வைத்தாள்.

புள்ளி போகவில்லை.

தெறிப்புச் சமிக்ஞை என்று மனதைத் தேற்றினாள். ஆனால் தெறிப்பு என்றால் தள்ளாடும். இது தள்ளாடவில்லை. ஒரு சென்ரிமீற்றர்கூடப் பிசகவில்லை... பிறகு அது ஓடத் தொடங்கியது. இரு முனைகளிலும் உள்ள அரைவட்டக் கோடு வரை போனது. கோட்டைத் தொடாமல் நின்றது. திரும்பியது.

நடுவில் ஆடுகிறவள் அப்படித்தான் ஆடவேண்டும். அரைவட்டத்துக்குள் அவளுக்கு இடமில்லை.

"டீச்சர்... நடுவுல ஆராவது நிக்கிறாங்களா?"

"இல்லையே. ஏன்?"

றிஸ்னா திரையைத் திரும்பவும் பார்த்தாள். புள்ளி இருந்த இடத்தைக் கண்ணால் தேடினாள். ஓடிவந்த பெண்கள் அந்த வெற்றிடத்தைச் சுற்றிக்கொண்டு ஓடினார்கள். ஏன் என்று அவர்களுக்கே தெரிந்ததாகத் தெரியவில்லை.

4.31. புள்ளி மைதானத்தை விட்டு வெளியே வந்தது.

மேசையை நோக்கி.

மூன்று மீற்றர்.

இரண்டு.

ஒன்று...

சப்பாத்து தரையில் உரசியது. கிறீச்.

அவள் கதிரைக்குப் பின்னால்.

"மிஸ், என்ட டேக்கத் தாங்க."

திரும்பினாள். பதினெட்டு வயதுப் பெண். சிரித்த முகம்.

"ஸும்ரா!" யூஜீனியா கத்தினார். "இவ்வளவு நேரம் எங்க போன?"

"பஸ் லேட், டீச்சர்."

ஒரே கதவு. அது றிஸ்னாவுக்கு நேரெதிரே இருந்தது. மூன்றரையிலிருந்து அது திறக்கவேயில்லை.

றிஸ்னா பற்றரியைப் போட்டு, டேக்கை மேற்சட்டையில் வைத்துக் கொடுத்தாள். ஸும்ரா ஆடினாள். அருமையாக ஆடினாள். மற்ற ஆறு புள்ளிகளும் தள்ளாட, ஏழு மட்டும் கல்லில் செதுக்கியதுபோல் துல்லியமாக ஓடியது.

5.55க்கு ஆட்டம் முடிந்தது. டேக் வைத்த மேற்சட்டையை நீட்டிவிட்டு ஸும்ரா வெளியே போனாள். மற்ற மேற்சட்டைகள் வியர்வையில் ஊறியிருந்தன. அவளுடையது காய்ந்திருந்தது. ஒரு சொட்டு ஈரமில்லை.

6.10. யூஜீனியாவின் போன் அடித்தது. ஸும்ராவின் உம்மா.

"கோவிச்சுக்காதீங்க டீச்சர், காலையில இருந்து கரண்ட் இல்ல, போன் செத்துக் கெடந்துச்சு, இப்பதான் கரண்ட் வந்துச்சு. புள்ளக்கு விடிய சுபஹ்ல இருந்து நல்ல காய்ச்சல். எழும்பவே ஏலாம கெடக்குறா."

வீடியோவில் காட்டினார். போர்வைக்குள் ஸும்ரா. உதடு வெடித்து, கண்மூடி...

யூஜீனியா மெல்லச் சிலுவை போட்டுக்கொண்டார். றிஸ்னா காவல் தேடி ஆயத்துல் குர்ஸி ஓதத் தொடங்கினாள்.

இரண்டு வாரம் கழித்து, அடுத்த அளவீட்டுக்கு ஸும்ரா சுகமாகி வந்தாள். அன்று தான் கட்டிலை விட்டு இறங்கவேயில்லை என்று சத்தியம் செய்தாள். றிஸ்னா பேசாமல் அவள் முதுகில் டேக்கை மாட்டினாள். பச்சை விளக்கு எரிந்தது.

திரையில் புள்ளி வரவில்லை.

புதுப் பற்றரி. இல்லை. வேறு டேக். இல்லை. அதே டேக்கை யூஜீனியாவுக்கு மாட்டினாள். புள்ளி வந்தது. திரும்ப ஸும்ராவுக்கு மாட்டினாள்.

இல்லை.

நடுவட்டத்தில் நின்று ஸும்ரா கை அசைத்தாள்.

"மிஸ், நான் தெரியிறனா?"

றிஸ்னா வெறுமையான திரையைப் பார்த்தாள்.

"ஓம், தெரியுது," என்றாள்.