ஜும்ஆவுக்கு ஓர் ஐரிஷ் காவல்

கண்டியில் சுற்றுலா வேன் ஓட்டுகிறேன். வாயால் கெடுவது என் உபதொழில். போன வெள்ளிக்கிழமை அயர்லாந்திலிருந்து வந்த ஓய்வுபெற்ற சரித்திர ஆசிரியை ஒருவரை ஏற்றினேன். என் கணக்கில் அயர்லாந்து என்பது இங்கிலாந்தின் இன்னொரு மூலை. ஆகவே நேரே வெள்ளைக்காரர் காலத்துக் கல்லறைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போய், "உங்கட ஆட்கள்தான் மேடம்" என்றேன், கல்யாண வீட்டில் சம்பந்தியைக் காட்டுவதுபோல.

"இவர்கள் எங்களையும் ஆண்டவர்கள்" என்றார். சிரிக்கவில்லை.

வேனில் திரும்ப ஏறியதும் ஏசிக்குள்ளும் எனக்கு வியர்த்தது. அதோடு ஜும்ஆத் தொழுகை நேரமும் நெருங்கிவிட்டது. மற்ற வெள்ளிகளில் தொழுதுவிட்டு வருகிறேன் என்று கூசாமல் கேட்பேன். அவமதித்த கையோடு லீவும் கேட்பது எப்படி? வாவியை இரண்டாம் முறை சுற்றிக்கொண்டிருந்தபோது மனைவி எனக்குப் போன் எடுத்தாள்.

"இன்னும் பள்ளிக்குப் போகல்லயா? வாயத் தொறந்து கேளுங்களே. அந்த மனிசி ஒங்கள முழுங்கவா போறா?"

மூன்றாம் சுற்றில் ஆசிரியையே கேட்டார்: "ஏன் ஒரே குளத்தைக் காட்டுகிறீர்கள்?"

சொல்லிவிட்டேன். அவர் முகம் இளகியது. ஆங்கிலேயர் ஆட்சியில் அவருடைய கத்தோலிக்க முன்னோர் வழிபடத் தடை இருந்ததாம். பாதிரிமாரைத் தேடித்தேடிப் பிடித்தார்களாம். வயல்வெளியில் ஒரு பாறையைப் பீடமாக்கி மழையில் நின்று பூசை கண்டார்களாம். யாராவது ஒருவர் மேட்டில் நின்று சிப்பாய் வருகிறானா என்று பார்ப்பாராம். அடித்தும் பிடித்தும் விடாத அந்தச் சனத்தை நினைத்து எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. போர்த்துக்கேயர் கரையிலிருந்து துரத்திய எங்கள் ஆட்களுக்குக் கண்டி ராஜா மலைக்குள் இடம் கொடுத்த கதையை நானும் சொன்னேன். அதனால்தானே இன்று அலவத்துகொடையில் எனக்கு ஒரு வீடு.

"கேட்கவா பயந்தீர்கள்? போங்கள். மேட்டில் நிற்பது எங்கள் பரம்பரைத் தொழில்" என்றார்.

அவசரத்தில் வேனை நிறுத்தக்கூடாத இடத்தில் நிறுத்திவிட்டு ஓடினேன். தொழுகையில் பாதி மனம் வேனில்தான் இருந்தது, அல்லாஹ் மன்னிக்கட்டும்.

வெளியே வந்தால், உச்சி வெயிலில் குடை பிடித்தபடி வேனுக்கு முன்னால் விறைப்பாக நின்றிருந்தார். அந்தப் பக்கம் ட்ராபிக் பொலிஸ்காரர் ஒருவர் திரும்பித் திரும்பிப் பார்த்தபடி போய்க்கொண்டிருந்தார்.

"சிப்பாய் ஒருவர் வந்தார்" என்றார் ஆசிரியை. "அனுப்பிவிட்டேன்."