முரல் பிடிக்கப் போன பாறை

என் மனைவி தூண்டில் போடப் போகும்போதெல்லாம் கூடப் போவேன். எனக்கு மீனில் ஆசையில்லை. நீந்தவும் தெரியாது. அவளைத் தனியாகத் தண்ணீர்க் கரையில் விட்டுவிட்டு வீட்டில் இருக்க முடியாததால் போவேன். டென்மார்க்கில், சில்க்போர்க் நகரில் எங்கள் வீட்டுக்குக் கிட்ட உள்ள ஏரி பரவாயில்லை. கரை தட்டை, தண்ணீர் அசையாது. அங்கேயும் அவள் விளிம்புக்குப் போனால் நான் எழும்பி நின்றுவிடுவேன்.

அவளுக்கு இந்தப் பழக்கம் வேலையிடத்தில் தொற்றியது. அவள் முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறாள். கூட வேலை செய்யும் டேனிஷ்காரி ஒருத்தி ஒருநாள் மிதப்புப் போட்டு மீன் பிடிக்கக் கூட்டிக்கொண்டு போனாள். அன்றிலிருந்து எங்கள் கார் டிக்கியில் தூண்டில் கோலும் மீனை அள்ளும் வலைக்கரண்டியும் நிரந்தரமாயின. வசந்தத்தில், ஊசிபோல நீண்ட வாயுள்ள முரல் மீன் டென்மார்க் கரைகளுக்குக் கூட்டங்கூட்டமாக வரும். போர்ன்ஹோல்ம் தீவில் பாறை ஓரமே கடல் ஆழமென்றும், கரையில் நின்றபடியே முரல் பிடிக்கலாமென்றும் அந்தத் தோழி சொல்லியிருந்தாள். மே மாதம் லீவு எடுத்துக்கொண்டு, சுவீடன் வழியாகக் காரில் போய்க் கப்பலேறினோம்.

தீவின் வடக்குக் கரை முழுவதும் கருங்கல். மேலே புல், கீழே கடல், நடுவில் வீட்டுக் கூரை உயரத்துக்குப் பாறை. பாதி உயரத்தில், ஆள் நிற்குமளவுக்கு ஒரு பாறைத் தட்டு இருந்தது. அவள் அங்கே இறங்கினாள். நான் மேலே தேநீர்ப் போத்தலோடு புல்லில் குந்தினேன். காற்றே இல்லை. கடல் எண்ணெய் ஊற்றியதுபோலக் கிடந்தது. அதைப் பார்த்து எனக்கே கொஞ்சம் துணிவு வந்ததை நினைத்தால் இப்போது உடல் கூசுகிறது.

முரல் கடித்தால் மிதப்பு உடனே அமிழாது, பக்கவாட்டில் படுத்துவிடும். பிறகு மெல்ல நகரும். அதை அவள் அசையாமல் பார்த்துக்கொண்டு நிற்பாள். இரண்டு மீன் வந்தது. மூன்றாவது பெரியது. அவ்வளவு உயரத்துக்குத் தூக்கினால் தூண்டிலின் தங்கூசி நரம்பு அறுந்துவிடுமென்று, வலைக்கரண்டியை எடுத்துக்கொண்டு அவள் இன்னும் கீழே, தண்ணீரோடு ஒட்டிய பாறைக்கு இறங்கினாள். அந்தப் பாறையின் விளிம்பு பாசி பிடித்துக் கறுத்திருந்தது.

"அங்க போகாதையும்," என்றேன். அவளுக்குக் கேட்டதோ தெரியாது.

முதல் அலை சத்தமில்லாமல் வந்தது. தண்ணீர் எழும்பி அவள் முழங்கால்வரை ஏறி இறங்கியது. அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அடுத்தது அவள் கால்களை வாரிக்கொண்டு போனது. நுரை வடிந்தபோது பாறையில் ஆளில்லை.

நான் கத்தவில்லை. வாய் திறந்தபடி இருந்தது, சத்தம் வரவில்லை. பிறகு பாறை வெடிப்பொன்றில் ஒரு கை தெரிந்தது, அதன் பின்னால் அவள் தலை. இடுப்புவரை தண்ணீரில், சரிந்த கல்லில் பாதி இருந்தும் பாதி தொங்கியும் கிடந்தாள்.

அவசர இலக்கத்துக்கு அடித்தேன். இருபது வருசத்துக்கு மேலாக டேனிஷ் மொழியில் வேலை செய்கிறவன், அந்த நேரம் ஒரு சொல் வரவில்லை. "என்ர மனிசி, கடலுக்கை" என்று தமிழில் சொல்லிக்கொண்டிருந்தேன். மறுமுனையில் இருந்தவர் பொறுமையாக எங்கே, எங்கே என்று கேட்டார். ஒருவாறு டேனிஷ் திரும்பி வந்தது. படகு புறப்படுகிறது, நீங்கள் கீழே இறங்கக் கூடாது, அவரைக் கண்ணில் வைத்துக்கொண்டு பேச்சுக் கொடுங்கள் என்றார்.

நான் இறங்கினேன். நின்று இறங்கத் துணிவில்லை, இருந்தபடியே நகர்ந்து நகர்ந்து அவள் முதலில் நின்ற தட்டுக்கு வந்தேன். குப்புறப் படுத்து, ஜாக்கெட்டைக் கழற்றி அதன் ஒரு கையைக் கீழே விட்டேன். அவள் எட்டிப் பிடித்தாள். ஜாக்கெட்டின் மற்றக் கையை என் மணிக்கட்டில் சுற்றினேன்.

"கையில சுத்தாதேங்கோ," என்றாள். "நான் போனா நீங்களும் வந்திடுவியள்."

நான் அவிழ்க்கவில்லை. கால் வைக்க இடமிருக்கிறதா என்று கேட்டேன். ஒரு காலுக்கு இருக்கிறது, மற்ற முழங்கால் திரும்பிவிட்டது என்றாள். மே மாதத்திலும் அந்தக் கடல் பனிக்கட்டி கரைத்த தண்ணீர்தான். அவள் உதடுகள் நீலமாகிக்கொண்டிருந்தன.

"கதைச்சுக்கொண்டிருங்கோ. எனக்கு நித்திரை வருது. பயமாக் கிடக்கு."

அவள் வாயிலிருந்து அந்தச் சொல்லை நான் அதற்கு முன் கேட்டதில்லை. எங்கள் இருவரில் பயப்படுகிறவன் நான்தான்.

என்ன கதைப்பது? தேங்காய்ப்பால் விட்டு முரல் சொதி எப்படி வைப்பது என்று சொல்லத் தொடங்கினேன். தப்புத் தப்பாகச் சொன்னேன். புளியை முதலில் விடுவதென்றேன். பல் கிட்டியபடி, கடைசியிலதான் புளி, அதுவும் தேசிக்காய்ப் புளி என்று திருத்தினாள். வெந்தயத்தை மறந்தேன், அதையும் சொன்னாள். அவள் திருத்தினால் விழித்திருக்கிறாள் என்று கண்டுகொண்டேன். அதனால் வேண்டுமென்றே பிழை விட்டேன். திருத்தம் வரவரப் பிந்தியது.

"சொதிக்கு ரெண்டு கரண்டி சீனி போடவேணும், என்ன?" என்றேன்.

"ஓம்," என்றாள்.

அவள் திருத்தாமல் சொன்ன அந்த ஓமைக் கேட்டபோது வந்த பயம், அவளை அலை இழுத்தபோது வந்ததை விடப் பெரியது. அப்போதுதான் என் தொண்டை திறந்தது. அவள் பெயரைச் சொல்லி அலறினேன். அவள் கண்ணைத் திறந்து, ஏன் கத்துறியள் என்பதுபோலப் பார்த்தாள். கண் திரும்பவும் மூடப் பார்த்தது, திரும்பவும் அலறினேன். செம்மஞ்சள் நிறப் படகு முனையைச் சுற்றி வரும்வரை அலறிக்கொண்டே இருந்தேன்.

நீர்புகா உடுப்புப் போட்ட ஒருவர் கயிற்றோடு குதித்து அவளைப் பின்னாலிருந்து அணைத்துக்கொண்டார். ஜாக்கெட்டை விடச் சொன்னார். என் விரல்கள் விடவில்லை. கடைசியில் அவர்தான் அவள் பக்கத்து ஜாக்கெட் கையை அறுத்தார். என்னால் மேலே ஏற முடியவில்லை. புல்வெளி வழியாக வந்த இன்னொருவர் இடுப்பில் பட்டி கட்டி, குழந்தையைப்போல ஏற்றிவிட்டார். தூரத்தில் போகும் கப்பலின் அலை சிலவேளை கப்பல் மறைந்த பிறகு கரைக்கு வரும் என்று அவர் சொன்னார்.

ஆஸ்பத்திரியில் சூடான போர்வைகளுக்குள் அவள் முகம் மட்டும் தெரிந்தது. எலும்பு முறியவில்லை, முழங்கால் சவ்வுதான் கிழிந்திருந்தது. எங்கள் மகள் தொலைபேசியில் டேனிஷில் ஏசினாள், பிறகு டேனிஷிலேயே அழுதாள். திரும்பும் கப்பலில் நாங்கள் நடுவில், யன்னல் இல்லாத பக்கத்தில் இருந்தோம். இடத்தைத் தேர்ந்தது அவள். கப்பல் கொஞ்சம் ஆடியபோது என் கையை நகம் பதியப் பிடித்தாள்.

ஒரு வருசம் அவள் கோலைத் தொடவில்லை. குளிக்கும்போது தண்ணீர் முகத்தில் விழுந்தால் மூச்சு முட்டுகிறது என்றாள். பிறகு இந்த வசந்தத்தில், தானாகவே இரண்டு மிதவை அங்கி வாங்கி வந்து, எங்கள் பக்கத்துக் கிழக்குக் கரையில் ஒரு சின்னத் துறைமுகத்துக்குப் போவோம் என்றாள். கல் அணை, இரும்புக் கம்பி வேலி, பக்கத்தில் ஆட்கள்.

காரை நிறுத்தியதும், "நீங்கள் இஞ்சயே இருங்கோ," என்றாள். "உங்கட முகத்தைப் பாத்தா எனக்குப் பயம் வரும்."

காருக்குள்ளேயே இருந்தேன், அங்கியைப் போட்டபடி. அவள் கொஞ்சம் நொண்டி நொண்டி அணையில் நடந்து, வேலியில் ஒரு கையை வைத்து, நெடுநேரம் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு தூண்டிலை எறிந்தாள்.