கென்யாவிலும் அதே முள்

கொச்சியில், கொச்சங்காடியில் ஒரு பழைய மிளகுக் கிடங்கைக் கூட்ட அரங்காக மாற்றியிருக்கிறார்கள். வறண்ட நிலங்களை மீட்பது பற்றிப் பல நாட்டுக்காரர்கள் அங்கே கூடினார்கள். அவர்களுக்குச் சாயா கொடுப்பது என் வேலை.

வந்தவர்களில் ஓர் அம்மா கென்யாவில் ஆடு வளர்ப்பவர். நெடிய உருவம், கழுத்து நிறையப் பாசிமணிகள். மேடையில் யாராவது "பசுமை" என்றால் போதும், எல்லோரும் திரும்பிப் பார்க்கும்படி உச்சுக் கொட்டுவார்.

தன் முறை வந்ததும் திரையில் ஒரு முள்மரத்தைக் காட்டினார். "நிலத்தைக் காப்பாற்றும் என்று சொல்லி வெளிநாட்டுக்காரர்கள் நட்டது. இப்போது மேய்ச்சல் நிலமே இல்லை. இதன் காயைத் தின்று என் ஆடுகளுக்குப் பல் கொட்டிவிட்டது" என்றார். நேரம் முடிந்தது என்று மைக்கை வாங்கிவிட்டார்கள்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ராமநாதபுரத்தில் எங்கள் நிலத்தை மூடிக் கிடப்பதும் அதே சீமைக்கருவேலம்தான். அதனால்தான் கொச்சிக்குப் பிழைக்க வந்தேன். அவர் மேடையிலிருந்து இறங்கியதும், ஓட்டலில் கற்ற இங்கிலீஷில் அதை அவரிடம் சொன்னேன்.

"உங்களைக் கேட்டா விதைத்தார்கள்?"

"இல்லம்மா."

என் கையைப் பிடித்து மேடைக்கே இழுத்துப் போனார். "எடா, நீ சாயா கொடுத்தா மதி, அது போதும்! இறங்கி வா!" என்று சூப்பர்வைசர் கத்தினார். ஆத்திரத்தில் எனக்குத் தமிழ்தான் வந்தது.

"விதைச்சவங்களே வந்து பிடுங்கிக் குடுங்க! அப்புறம் புதுசா நடலாம்!"

தமிழ் புரியாமல் அரங்கம் விழித்தது. அந்த அம்மா, "என் பேச்சின் மீதி இதுதான்" என்று சொல்லிவிட்டு இறங்கினார்.

மறுநாள் என்னை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். அது போகட்டும். நான் மேடையில் பேசியதில் ஒரு சொல்கூடப் புரியாமல் என்னை எப்படி அவ்வளவு நம்பினார்?