பதினோரு முறை பார்க்காத ஏரி

செருப்பைக் கழற்றியதும் குனிந்து இரண்டையும் தெருப் பக்கமாகத் திருப்பி வைக்கிறார். அதற்குப் பிறகுதான் வீட்டுக்குள் கால். சட்டையைக் கழற்றினால் மடிப்பதில்லை. இருட்டில் கை விட்டாலும் நேராக நுழைகிற மாதிரி ஆணியில் விரித்து மாட்டுகிறார். நாலு நிமிடத்தில் சாப்பாட்டை முடித்து, தட்டைக் கழுவி வைத்துவிட்டு, கதவைப் பார்த்துப் போட்ட நாற்காலியில் உட்கார்ந்துகொள்கிறார். ஓய்வு பெற்று ஒன்பது மாதமாகிறது. இனி கூப்பிட யாருமில்லை. கால்கள் மட்டும் அதை இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

இருபத்தொன்பது வருடம் ஆம்புலன்ஸ் ஓட்டியவர். தெருவில் அவருக்குச் ‘சைரன்காரர்’ என்று பெயர். அவர் வீட்டு மாடியில் வாடகைக்கு இருக்கும் எனக்கு மாமா. அவர் மனைவி அத்தை. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான் என்பதைக் குடிவந்த அன்றே சொல்லித் தொலைத்துவிட்டதால், இருவருக்கும் நான் ‘டிகிரி’. மாமா எப்போதாவது செருப்பைத் திருப்ப மறந்தால் அத்தை வந்து திருப்பி வைப்பார். “நடுராத்திரி இவரு இடது வலது தேடிக்கிட்டு நின்னா, அங்க எவனோ போய்ச் சேந்துடுவான்” என்பது அவர் சொல்லும் காரணம்.

ஊர்களை மாமா பெயரால் அறிவதில்லை, நிமிடத்தால் அறிகிறார். என் சொந்த ஊரைச் சொன்னபோது ஒரு கணம் கண்ணை மூடித் திறந்தார். “நாப்பத்தாறு நிமிஷம். பாலத்துக்கு அப்புறம் ரோடு மோசம். மழைன்னா அம்பத்தஞ்சு.” அவ்வளவுதான். நான் பதினேழு வருடம் வளர்ந்த ஊர் நாற்பத்தாறு நிமிடத்தில் முடிந்துவிட்டது.

வேலையில் அவருக்கு ஒரு கட்டளை உண்டு. அதை யாரும் அவருக்கு இடவில்லை, அவரே இட்டுக்கொண்டது. எங்கே போனாலும் வண்டியைப் பின்னோக்கி விட்டு, மூக்கு ரோட்டைப் பார்க்க நிறுத்துவார். “ஏத்துனதும் கிளம்பணும்ல. அங்க நின்னு வளைச்சு நெளிச்சுக்கிட்டு இருந்தா, உள்ள இருக்கறவன் பொழைப்பானா?”

ஓய்வு பெற்ற அன்று சாயங்காலம் அத்தை சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்டார்: “மலைமேல காட்டுக்குள்ள ஒரு ஏரி இருக்குன்னு சொல்வீங்களே, அது எப்படிங்க இருக்கும்?” சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் வழுக்கி விழுகிற இடம் அது. எழுபது நிமிடம். பதினோரு முறை போயிருக்கிறார். மாமா கண்ணை மூடித் திறந்தார்.

“தெரியல.”

“பதினோரு தடவ போனீங்களே.”

“ரிவர்ஸ்ல விட்டா மூஞ்சி ரோட்டப் பாத்துல்ல இருக்கும்.”

“கண்ணாடில தெரிஞ்சிருக்குமே.”

“கண்ணாடில கரை தெரியும். டயர் எறங்கிடாம பாத்துக்குவேன்.”

அத்தை சிரித்தார். மாமா சிரிக்கவில்லை. அந்த ஏரியை அத்தைக்குக் காட்ட வேண்டும் என்ற எண்ணம் அன்றைக்கு அவருக்குள் விழுந்தது; விழுந்தது விழுந்ததுதான், எடுக்க முடியவில்லை. கடைசி ஆறு கிலோமீட்டர் சேற்றுப் பாதை. பஸ் போகாது. அத்தைக்கு இடுப்பு வலி. அரை மணிக்கு மேல் உட்கார முடியாது, படுத்தாக வேண்டும். “படுத்துக்கிட்டே போற வண்டி வேணும். சேத்துல ஏறுற வண்டியாவும் இருக்கணும்” என்று விரல் விட்டு எண்ணினார். “அது ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு.” நாலு சக்கரமும் இழுக்கிற பழைய ஆம்புலன்ஸ் ஒன்றை வாங்கி, அதற்குள் ஒரு சின்ன வீடு கட்டுவது என்று முடிவானது.

வெளியூரில் இருக்கும் மகள் போனில் கேட்டாள்: “ஏம்ப்பா, ரிட்டயர் ஆனா வேலைய விட்டுட்டு வருவாங்க. நீங்க என்ன, வீட்டுக்கே வாங்கிட்டு வர்றீங்க?”

அத்தை இன்னும் நேராகச் சொன்னார். “அவரு ஓட்டுற வண்டில நான் ஏறணும்னா, ஒண்ணு சாகக் கெடக்கணும், இல்ல செத்துக் கெடக்கணும். இப்போதைக்கு ரெண்டும் இல்ல.”

இது வேடிக்கைப் பேச்சு இல்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. மகளுக்கு அப்போது மூன்று வயது. காய்ச்சல். அடைமழையில் அத்தை குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ் நிறுத்தத்தில் நிற்கிறார். நோயாளியை இறக்கிவிட்டு, காலி வண்டியோடு மாமா அந்த வழியாக வருகிறார். பார்க்கிறார். நிறுத்தாமல் போய்விடுகிறார். வண்டியில் குடும்பத்தார் ஏறக் கூடாது என்பது சட்டம். அடுத்த அழைப்பும் வந்துவிட்டிருந்தது. அந்தக் கதையை அத்தை நூறு முறை சொல்லியிருப்பார், ஒவ்வொரு முறையும் கேட்பவர்கள் சிரிக்கிற மாதிரி. மாமா ஒருமுறைகூட மறுத்ததில்லை. மன்னிப்பும் கேட்டதில்லை.

ஏலக் கிடங்குக்கு என்னைக் கூட்டிப்போனார், நிபந்தனைகளைப் படித்துச் சொல்ல. விண்ணப்பம் என்று எதையாவது யாராவது நீட்டினால் எனக்கு மனம் குளிர்ந்துவிடும். என் அப்பா வாழ்நாளெல்லாம் அதைப் படித்து நிரப்பித் தர ஆள் தேடி அலைந்தவர். கழித்துப்போட்ட வண்டிகள் வரிசையாக நின்றன. மூன்றாவதாக நின்றது மாமாவே கடைசிப் பத்து வருடம் ஓட்டிய வண்டி. முன்புறத்தைத் தட்டிக்கொடுத்தார். அதைத்தான் வாங்குவார் என்று நினைத்து நான் பேனாவைத் திறந்தேன்.

“இது வேணாம் டிகிரி. ரெண்டு சக்கரம்தான் இழுக்கும்.” நாலடி நடந்த பிறகு நின்றார். “நாலும் இழுத்தாலும் வேணாம். இதுல எங்க எங்க யார் யார் படுத்திருந்தாங்கன்னு எனக்குத் தெரியும். அங்க எனக்குத் தூக்கம் வராது.”

அவர் தேர்ந்தது கோடியில் நின்ற, ஒரு மலை ஆஸ்பத்திரியின் வண்டி. என் அப்பா மாடு வாங்கப் போனால் பல்லைப் பார்ப்பார், வாலைத் தூக்குவார், நாலடி நடக்கவிட்டுக் குளம்புச் சத்தம் கேட்பார். மாமாவும் அப்படித்தான். சட்டைப் பையிலிருந்து ஒரு ஸ்பூனை எடுத்தார். சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் நுழைந்து, தலையிலிருந்து வால் வரை தட்டிக்கொண்டே போனார். ‘டிங்’ என்றால் இரும்பு. ‘டப்’ என்றால் துரு.

கிடங்கு அதிகாரி குனிந்து பார்த்தார். “என்ன பெரியவரே, வண்டி வாங்க வந்தீங்களா, சமைக்க வந்தீங்களா?”

“ரெண்டுக்கும்தான் சார். உள்ள அடுப்பும் வைக்கணும்” என்று அடியிலிருந்து பதில் வந்தது.

கிடங்கின் பின்னால் வண்டி கழுவும் தண்ணீர் தேங்கிய ஒரு சேற்றுக் குழி. அதிகாரி தடுப்பதற்குள் வண்டியை அதில் இறக்கிவிட்டார். பின்சக்கரங்கள் இரண்டும் சுற்றிச் சேற்றை வாரி இறைத்தன. அப்படியே சற்று நேரம் சுற்றவிட்டு, கியருக்குப் பக்கத்தில், முன்சக்கரங்களையும் இழுக்க வைக்கிற குட்டைக் கம்பியை இழுத்தார். வண்டி ஒருமுறை முனகிவிட்டு, படுத்திருந்த எருமை எழுவதைப் போல எழுந்து வெளியே வந்தது. “நாலும் உயிரோட இருக்கு” என்றார், நாடி பார்த்த முகத்தோடு.

நிபந்தனைகள் பதினான்கு. சைரனையும் சுழல் விளக்கையும் கழற்றி ஒப்படைக்க வேண்டும். ஏழு நாளைக்குள் நிறம் மாற்ற வேண்டும் என்ற பதினோராவது நிபந்தனையை மட்டும் இரண்டாம் முறை படிக்கச் சொன்னார். பிறகு அவரே ஏறி, அவரே திருகாணிகளைக் கழற்றி, சைரனைத் துணியில் துடைத்து அதிகாரியின் மேஜைமேல் வைத்தார்.

பெயின்ட் கடையில் நிற அட்டையைப் புரட்டவே இல்லை. வந்தவுடன் ஒரு வெளிர்பச்சையில் விரலை வைத்துவிட்டார். ஆம்புலன்ஸுக்குப் பச்சையா என்று கேட்டேன். கடைக்காரர் உள்ளே போகும் வரை காத்திருந்தார்.

“அன்னைக்கு மழைல அவ புடிச்சிருந்த குடை இந்தக் கலரு. கண்ணாடில ரொம்ப நேரம் தெரிஞ்சுது.”

அதற்குப் பிறகு ஒரு மாதம் வீட்டு வாசலில் ரம்பச் சத்தம். ஸ்ட்ரெச்சர் ஓடும் தண்டவாளத்தைப் பெயர்த்தார். பிளைவுட்டில் கட்டில் அடித்தார். ஒரு மதியம், தூங்கிக்கொண்டிருந்த அத்தையைத் தலைமுதல் கால்வரை நூலால் அளந்திருக்கிறார். அத்தை கண் விழித்துவிட்டார்.

“உயிரோட இருக்கறப்பவே அளவெடுக்கறீங்களா?”

“மெத்தைக்கு.”

“நான்தான் வரலையே. யாருக்கு மெத்தை?”

“சரி, சும்மா அளந்துக்கிட்டேன்” என்று நூலைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். மெத்தை அதே அளவில் வந்தது. மருந்துப் பாட்டில் தொங்கவிடும் கொக்கியை மட்டும் கழற்றவில்லை. “அவ கைப்பை மாட்டலாம்.” ஓட்டுநர் இருக்கைக்கும் பின்பக்கத்துக்கும் நடுவே ஒரு சின்னக் கண்ணாடி ஜன்னல். அதன் கண்ணாடியை எடுத்தே விட்டார். “வேலைல இருந்தவரைக்கும் இத இறுக்கி மூடிடுவேன் டிகிரி. பின்னாடி வர்ற சத்தத்தக் கேட்டா ஸ்டியரிங் ஆடும். இனிமே கேக்கணும்ல.” வராத ஆளுக்கு ஜன்னல்வரை தயாராகிவிட்டது. வருகிற ஆள் அடுப்படியில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

முதல் வெள்ளோட்டத்தில் ஒரு சங்கடம் நடந்தது. பச்சை வண்டி, சைரன் இல்லை, விளக்கு இல்லை. மாமா வழக்கம்போல நடுரோட்டில் போனார், எல்லாரும் ஒதுங்குவார்கள் என்று. ஒருவரும் ஒதுங்கவில்லை. ஒரு சிவப்பு விளக்கைத் தாண்டினார்; போக்குவரத்துக் காவலர் பிடித்துக்கொண்டார். அடுத்த சந்திப்பில் ஒழுங்காக நின்றார். சொந்தமாக ஒரு சைக்கிள்கூட வைத்திராத மனிதர். விளக்கையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு என்னிடம் திரும்பினார்: “இது இவ்வளவு நேரமா எரியும்?”

மறுநாள் பகல் பதினொரு மணி. நான் வேலைக்குப் போக அதே பழைய பஸ் நிறுத்தத்தில் நின்றேன். பக்கத்தில் அத்தை, இடுப்புக்கு மருந்து வாங்கப் போகிறவர். மழை இல்லை, மண்டை பிளக்கும் வெயில். பச்சை வண்டி வந்து எங்கள் எதிரில் நின்றது. மாமா இறங்கி, சுற்றி வந்து, பக்கக் கதவைத் திறந்தார்.

“ஏறு.”

“நான் பஸ்ஸுக்கு நிக்கறேன்.”

மாமா கதவைப் பிடித்தபடி நின்றார். பின்னால் பஸ் வந்து ஒலியெழுப்பியது. அதன் பின்னால் இன்னொன்று. டிரைவர் தலையை நீட்டி, “யோவ், அது என்ன உங்க வீட்டு வாசலா?” என்றார். ஊரே வழிவிட்ட மனிதர் இப்போது ஊரின் வழியை மறித்துக்கொண்டு நின்றார். கழுத்தில் வியர்வை வழிந்தது. கண் மட்டும் அத்தையைவிட்டு அசையவில்லை. எனக்குப் பயமாக இருந்தது. இப்போதும் ஏறாவிட்டால் அந்த மெத்தையை அவர் என்ன செய்வார்?

அத்தை வண்டியைப் பார்த்தார். மூக்கிலிருந்து வால்வரை அந்தப் பச்சையைப் பார்த்தார்.

“அந்தக் குடை அந்த வருஷமே கிழிஞ்சு போச்சு” என்றார்.

“தெரியும். நான்தான குப்பைல போட்டேன்.”

அத்தை புடவையைச் சற்றுத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஏறினார். “மானம் போகுதேன்னு ஏறுறேன்” என்று நிறுத்தத்தில் இருந்த எல்லாருக்கும் கேட்கச் சொன்னார். கைப்பையை எங்கே மாட்டுவது என்று கேட்கவில்லை. கை தானாகக் கொக்கிக்குப் போனது.

ஞாயிற்றுக்கிழமை ஏரிக்குக் கிளம்பினோம். நான் எதற்கென்றால், “சேத்துல மாட்டுனா தள்ள ஒரு டிகிரி வேணும்” என்று அத்தை சொல்லிவிட்டார். எழுபது நிமிடப் பாதைக்கு மூன்று மணி நேரம் ஆயிற்று. அத்தை படுத்தபடியே ஜன்னல் வழியாக ஓயாமல் பேசிக்கொண்டு வந்தார். “அது என்ன மரம்? நிறுத்துங்க.” “தெரியாதும்மா, இந்த ரோட்டுல மரம் இருக்கறதே இன்னைக்குத்தான் பாக்கறேன்.” நிறுத்துவார். இறங்கிப் பார்ப்பார்கள். மறுபடி ஏறுவார்கள். சேற்றுப் பாதையில் குட்டைக் கம்பியை இழுத்ததும் வண்டி சிணுங்காமல் ஏறியது. டிகிரிக்கு வேலையே வரவில்லை.

மரங்கள் முடிந்து கரை வந்தது. மாமாவின் கை கேட்காமலே கியரைப் பின்னுக்குத் தள்ளி, வண்டியை வளைத்து, ரிவர்ஸில் இறக்கத் தொடங்கிவிட்டது. பாதியில் அவருக்கே உறைத்தது. பிரேக்கை மிதித்தார். காது சிவந்துவிட்டது. “திருப்பிடறேன், இரு.”

“விடுங்க” என்றது ஜன்னல். “அப்படியே வாங்க. கதவு பின்னாடிதான இருக்கு.”

அப்படியே வந்தார். இறங்கி நடந்துபோய்ப் பின்கதவுகள் இரண்டையும் அகலத் திறந்தார். கட்டில் முடிகிற இடத்தில் தண்ணீர் தொடங்கியது. காற்று ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு அதை மடித்து மடித்து வைத்துக்கொண்டிருந்தது. மாமா கதவில் கை வைத்தபடி நின்றார். அத்தை எழுந்து உட்கார்ந்து, விளிம்புவரை வந்து, கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார்.

“பெருசாத்தான் இருக்கு” என்றார் மாமா.

செருப்பை உதறிவிட்டு ஏறி அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். ஒரு செருப்பு ஏரியைப் பார்த்துக் கிடந்தது. மற்றது கவிழ்ந்திருந்தது. அத்தை, பழக்கம் போகுமா, இடுப்பைப் பிடித்துக்கொண்டு குனிந்தார், இரண்டையும் ரோட்டுப் பக்கம் திருப்பி வைக்க. மாமா அந்தக் கையைப் பாதி வழியில் பிடித்தார்.

“கெடக்கட்டும்” என்று சொல்லி, அந்தக் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.