அம்மா எடைக்கு முறுக்கிய கார்

என் அத்தான் எதையும் முடிவுவரை கேட்காதவர். போனில் நாம் "அப்புறம்" என்று இழுப்பதற்குள் வைத்துவிடுவார். படத்துக்குப் போனால், இனி நடக்கப்போவது தனக்குத் தெரிந்துவிட்டது என்று சொல்லி, கூட்டம் வெளியே வருமுன் காரை எடுக்க எழுந்துவிடுவார். கல்யாணமான நாளிலிருந்து அக்கா ஒரு படத்தின் கடைசிக் காட்சியைக்கூடத் தியேட்டரில் பார்த்ததில்லை.

தொழில், பல் செட் செய்வது. பல் மருத்துவமனைக்குப் பின்னால் இருக்கும் லேபில் நாள் முழுக்க ஊரார் கடைவாய்ப் பல்லை ராவிக்கொண்டிருப்பார். அந்த வேலைக்குப் போய்வர அவர் வைத்திருப்பதோ, பந்தயத்தில் ஓட வேண்டிய கார். கிளப்பினால் எதிர்வீட்டு அலமாரியில் பாத்திரம் அதிரும். அத்தனை உறுமலோடு கிளம்பிப் போய்த் தக்காளி வாங்கி வருவார். தரையோடு தரையாகக் குந்தியிருப்பதால் அம்மா அதற்குத் 'தவளை' என்று பெயர் வைத்திருந்தாள்.

தவளைக்கு நோவு வந்தது. வேகத்தடையில் ஏறி இறங்கினால் அடியில் ஒரு 'டொக்'. பின் சீட்டில் உட்காரும் அம்மாவுக்கு அது நேராக இடுப்பில் கேட்டது.

"மாப்பிள்ளை, கீழே யாரோ கதவைத் தட்டுறாங்க. திறந்து விடுங்க, பாவம்."

"அது 'புஷ்'னு ஒரு பாகம், அத்தை. சக்கரத்தைப் பிடிச்சிருக்கிற இரும்புக் கைக்கும் வண்டி உடம்புக்கும் நடுவுல ரப்பர் இருக்கும். பல்லுக்கு ஈறு மாதிரி. ஈறு தேஞ்சுபோச்சு, பல்லு ஆடுது."

"அப்போ பிடுங்கிட வேண்டியதுதானே?" என்றாள் அக்கா.

அவள் சொன்னது காரையே. டிரைவிங் ஸ்கூல் நடத்தும் எதிர்வீட்டுக்காரருக்குத் தவளைமேல் வெகுநாளாக ஒரு கண். பதிலுக்குத் தன் வெள்ளை வேனைத் தருவதாகச் சொல்லியிருந்தார். குனியாமல் ஏறலாம், முட்டி மடங்காமல் இறங்கலாம் என்று அக்கா வேனைப் பற்றிப் பேசும்போதே அவள் குரல் குழையும்.

"ரிப்பேர் பண்ணுங்க, வேண்டாம்னு சொல்லலை. ஞாயித்துக்கிழமை சாயந்தரம் அம்மாவை வெச்சு ஒரு ரவுண்டு போவோம். அம்மா காதுல ஒரே ஒரு டொக் விழுந்தாலும்..."

"சரி சரி," என்றார் அத்தான்.

"...சாவி எதிர்வீட்டுக்கு," என்று முடித்தாள் அக்கா. அவர் சரி சொல்லி முடித்திருந்தார்.

சனிக்கிழமை போனில் ஒரு ரிப்பேர் வீடியோவைப் பார்த்துக் காரைத் தூக்கி முட்டுக்கொடுத்து, சக்கரங்களைக் கழற்றி, இரும்புக் கைகளை லேபுக்கு எடுத்துப் போனார். பல் செட்டை அச்சில் அழுத்தும் பிரஸ்ஸில் வைத்துப் பழைய ரப்பரைத் தள்ளிவிட்டுப் புதியதை இறக்கினார். அந்த வாரம் பல் செட் வாங்கியவர்கள் வாயில் டயர் மணக்கிறது என்று புகார் சொன்னதாகப் பிறகு கேள்விப்பட்டேன். மாலையில் எல்லாவற்றையும் மாட்டி, நட்டுகளை முக்கி முனகி முறுக்கி, காரைக் கீழே இறக்கினார்.

கார் சரியாக இறங்கவில்லை. ஈரத் தரையில் நடக்கும் பூனைபோல் நுனிக்காலில் நின்றது. நான் குனிந்து அடியில் பார்த்தேன்.

"அத்தான், வீடியோ முழுசா பார்த்தீங்களா?"

"கடைசில என்ன மச்சான் இருக்கப்போகுது? நன்றி வணக்கம்தான்."

அக்கா அவர் போனை வாங்கி, அந்தக் கடைசியை மட்டும் ஓடவிட்டாள். வீடியோக்காரர் நிதானமாகச் சொன்னார்: சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போது நட்டை இறுக்கக் கூடாது. ரப்பர் முறுக்கிக்கொண்டு சீக்கிரம் கிழிந்துவிடும். வண்டி தரையில் ஊன்றி, வழக்கமான பாரத்தோடு நிற்கும்போதுதான் கடைசி முறுக்கு. அதன் பிறகுதான் நன்றி, வணக்கம்.

"வழக்கமான பாரம்னா?" என்றேன்.

அத்தான் எங்கள் மூவரையும் ஏற இறங்கப் பார்த்தார்.

ஞாயிறு காலை நாலு சக்கரத்துக்கும் அடியில், ஆள் நுழையும் உயரத்துக்குக் கனமான மரப்பலகைகளைக் கொடுத்து, நட்டுகளைத் தளர்த்திவிட்டு, எங்களை அவரவர் இடத்தில் உட்காரச் சொன்னார். முன்னால் அக்கா. அவளுக்குப் பின்னால் அம்மா. அம்மா பக்கத்தில் நான். ஓட்டுகிறவர் அடியில் படுத்திருந்ததால் அவர் சீட்டில் இரண்டு தண்ணீர் கேன்களை வைத்து பெல்ட் போட்டோம்.

"உங்களைவிட இது நல்லா இருக்குங்க. குறுக்கே பேசலை," என்று அக்கா கீழே குரல் கொடுத்தாள்.

"ஆடாதீங்க யாரும்," என்றது அடியிலிருந்து.

நான் மூச்சைக்கூட அரைமூச்சாக விட்டேன். அம்மா கைப்பையை மடியில் வைப்பதா கீழே வைப்பதா என்று கேட்டாள்.

"எப்பவும் எங்க வைப்பீங்க அத்தை?"

"ஆஸ்பத்திரிக்குப் போனா மடியில. கடைக்குப் போனா கீழே."

"மடியில வைங்க," என்றார் கடைசியில்.

"வயித்தை எக்கிப் பிடிக்கவா, சும்மா விடவா?"

"சும்மா விடுங்க அத்தை. வழக்கம்போல."

எதிர்வீட்டுக்காரர் வேன் சாவியை விரலில் சுழற்றிக்கொண்டு வந்து, நகராத காரில் பெல்ட் போட்டு உட்கார்ந்திருக்கும் எங்களைப் பார்த்தார். "எங்க கிளம்பிட்டீங்க?" என்று கேட்டவர், அத்தானின் கால்கள் வெளியே நீட்டியிருப்பதைக் கண்டு அப்படியே திரும்பிப் போனார்.

மாலையில் ரவுண்டு கிளம்பினோம். தெருக்கோடியில் ஒரு வேகத்தடை, பள்ளிக்கூடத்துக்கு எதிரே ஒன்று, பெட்ரோல் பங்க் வாசலில் யாரோ கோபத்தில் கட்டியதுபோல் ஒன்று. அத்தான் ஸ்டியரிங்கைக் கெட்டியாகப் பிடித்திருந்தார். முதல் இரண்டிலும் சத்தமில்லை. மூன்றாவதில் எல்லோருமே தலையைச் சாய்த்துக் கேட்டோம். தவளை ஏறியது, இறங்கியது, போய்க்கொண்டே இருந்தது.

அக்கா திரும்பிப் பார்த்தாள். அம்மா வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள்.

"இது செல்லாது," என்றாள் அக்கா. "அம்மா, எழுந்திரு. டொக் கேட்டுச்சா?"

"கேட்டிருந்தா எப்படிடி தூங்கியிருப்பேன்?" என்று கண்ணைத் திறக்காமலே கேட்டாள் அம்மா. "இந்த வண்டியில நான் கண்ணை மூடினதே இன்னைக்குத்தான்."

அக்கா முன்பக்கம் திரும்பிக்கொண்டாள். எதிர்வீட்டில் அன்று வேன் சாவி மறுபடி ஆணிக்குப் போனது.

கதை இதோடு முடிந்திருக்கும். ஆனால் போன மாதம் அம்மாவைப் பரிசோதித்த டாக்டர், உடம்பைக் கொஞ்சம் குறைக்க வேண்டும், தினமும் நடக்க வேண்டும் என்றார்.

"முடியாது டாக்டர். கார் என் எடைக்கு முறுக்கினது. நான் இளைச்சா ரப்பர் கெட்டுடும். கேட்டுப்பாருங்க மாப்பிள்ளையை."

டாக்டர் அத்தானைப் பார்த்தார். அவ்வளவு நுணுக்கமெல்லாம் இல்லை, அம்மா பாதியாகக் குறைந்தாலும் ரப்பருக்குத் தெரியாது என்பது அத்தானுக்கு நன்றாகத் தெரியும். சொல்ல வாயையும் திறந்தார். அப்போது பக்கத்து நாற்காலியில் அக்கா, "அப்படின்னா வேன் வாங்கிட்டா அம்மா தாராளமா நடக்கலாம், இல்லீங்களா?" என்றாள்.

இந்த முறை அவள் சொல்லி முடிக்கும்வரை அத்தான் முழுசாகக் கேட்டார். உண்மையைச் சொன்னால் அன்று எங்களைப் பெல்ட் போட்டு உட்காரவைத்தது வீண் என்றாகும்; சொல்லாவிட்டால் வேன் வந்துவிடும்.

"கொஞ்சம் கொஞ்சமா இளைச்சா பரவாயில்லை டாக்டர்," என்றார். "நான் அப்பப்ப கீழே படுத்து முறுக்கிக்கிறேன்."