கம்பம் வேண்டாம் என்ற கையெழுத்து

எனக்கு எழுபத்தாறு வயது. பெற்று வளர்த்தது ஐந்து பிள்ளைகள். எதற்கும் யார் வாசலிலும் போய் நின்றதில்லை. என் பெயரை மட்டும் எழுதத் தெரியும். மற்றதை நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள்.

திண்டிவனத்திலிருந்து பிரம்மதேசம் போகிற வழியில் எங்கள் ஊர். தெருவெல்லாம் கரண்டு வந்தும் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. தெருவுக்கும் வீட்டுக்கும் நடுவே என் அண்ணன் நிலம். அதில் ஒரு கம்பம் நட்டால்தான் கம்பி இழுக்க முடியும்.

தொண்ணூற்று மூன்றில், வேர்க்கடலைச் செடியில் மல்லாட்டை ஆய்ந்த கூலியில் ஒரு டேப், ஆம்ப்ளிஃபயர், இரண்டு ஸ்பீக்கர் பெட்டி வாங்கினேன். எல்லாம் ஒரு பழைய கார் பேட்டரியில் ஓடும். சிவப்பு ஒயரையும் கறுப்பு ஒயரையும் நானே பார்த்து மாட்டுவேன். சனிக்கிழமைதோறும் பேட்டரியைத் தலையில் சுமந்து பஸ் ஏறி, திண்டிவனத்துக் கடையில் சார்ஜ் போட்டு வருவேன். ஆசிட் பட்டு ஓட்டை விழாத புடவை என்னிடம் இருந்ததில்லை.

அண்ணனுக்குக் கூத்து கேசட் என்றால் உயிர். சாயங்காலம் தவறாமல் வந்து உட்காருவார். அவருக்குச் சார்ஜ் மிச்சம் இருக்கட்டும் என்று, எனக்குப் பிடித்த பாட்டைப் பாதியில் நிறுத்திவிடுவேன். சார்ஜ் இறங்கினால் ராஜா வேஷக்காரர் குரல் குடித்தவன் குரல்போல இழுக்கும். அண்ணன் சிரிப்பார்.

"ராஜாவுக்குப் பசி எடுத்துகிச்சி. ஜல்தியா போய் சார்ஜ் பண்ணிக்கினு வா, தங்கச்சி."

கரண்டு கேட்டு மனுக் கொடுத்திருந்தேன். கொஞ்ச நாளில் அண்ணன் ஒரு காகிதம் கொண்டுவந்தார். இதில் கையெழுத்துப் போட்டால் சீக்கிரம் கிடைக்கும் என்றார். அப்போதுதான் மாலை வகுப்பில் பெயர் எழுதக் கற்றிருந்தேன். கட்டைவிரல் மையைத் தள்ளிவிட்டு, கையெழுத்தே போட்டேன். அன்று எனக்கு இருந்த பெருமை சொல்லி மாளாது.

கரண்டு வரவில்லை. பத்து வருஷம் பேட்டரி சுமந்தேன். கழுத்து எலும்பு தேய்ந்த பிறகு, சின்ன மகன் என்னை மின்சார ஆபீசுக்கு அழைத்துப் போனான். அங்கிருந்தவர் பழைய கட்டைப் பிரித்துப் பார்த்தார்.

"கம்பமும் வேணாம், கரண்டும் வேணாம்னு நீங்களேதான் எழுதிக் குடுத்திருக்கீங்கம்மா. இது உங்க கையெழுத்துதானே?"

என் கையெழுத்துதான். கடைசி எழுத்துக்குப் புள்ளி வைக்க நான் எப்போதும் மறப்பேன். அதிலும் புள்ளி இல்லை.

அண்ணன் வீட்டுக்கு நேராகப் போய், ஏன் என்று கேட்டேன். அவர் மறைக்கவில்லை. மாட்டுக்கு வைக்கோல் போட்டுக்கொண்டே சொன்னார்.

"நடுவுல கம்பம் நட்டா நெலம் வீணாப் பூடும். ஒனக்குத்தான் பேட்டரி இருக்குதேன்னு உட்டுட்டேன்."

நான் வீட்டுக்குத் திரும்பிவிட்டேன். அன்று சாயங்காலமும் வழக்கம்போல வந்து உட்கார்ந்தார். நான் இரண்டு ஒயரையும் பிடுங்கிச் சுருட்டி வைத்தேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு எழுந்து போனார். அதற்கப்புறம் வரவில்லை. பிறகு சின்ன மகன் புது மனுக் கொடுத்து, வீட்டுக்குக் கரண்டு வந்தது. வந்த பிறகும் நான் அந்தக் கூத்தைப் போட்டதில்லை.

எழுதி முடித்துவிட்டு, அடியில் கையெழுத்துப் போடச் சொல்லிப் பேத்தி பேனாவை நீட்டுகிறாள்.

"இரு கண்ணு. மொதல்லேர்ந்து ஒரு எழுத்து உடாம படி. கேட்டுட்டுப் போடுறேன்."