எலிக்குக் கட்டிய முடிப்பும் எரிந்த இன்ஜின் விளக்கும்: அருமனையிலிருந்து கன்னியாகுமரிக்கு

ஒரு குறையும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்த என் காரை வழக்கமான சர்வீசுக்கு வாங்கிக்கொண்டு, எச்சரிக்கை விளக்கு எரிகிற காராகத் திருப்பித் தந்தார்கள். எனக்கு நடந்த அநியாயம் இதுதான். பயணத்தைப் பற்றி எழுதுவதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தப் பயணம் கெட்டுப்போகாமல் தப்பியதில் அந்த ஒர்க்‌ஷாப்புக்கு ஒரு பங்கும் கிடையாது.

போன சித்திரை பௌர்ணமிக்குத்தான் கிளம்பினோம். அன்று மாலை கன்னியாகுமரியில் நின்றால் மேற்கே சூரியன் இறங்குவதையும் கிழக்கே நிலவு எழுவதையும் ஒரே நேரத்தில் பார்க்கலாம். எங்கிருந்தெல்லாமோ ஆட்கள் வருகிறார்கள். என் மனைவி சரோஜாவின் அக்கா தங்கம்மா, எனக்கு மைனி, அருமனையில்தான் இருக்கிறார். அறுபது கிலோமீட்டருக்குள் இருந்தும் எழுபத்து நான்கு வயதுவரை அதைப் பார்த்ததில்லை. ரப்பர் மரத்தில் பால் வெட்டு, அந்தப் பாலை உறையவைத்து ஷீட் அடிப்பு, பிறகு கணவரின் நோய் என்று ஒவ்வோர் ஆண்டும் தள்ளிப்போனது. அந்தப் பௌர்ணமி கழிந்த நான்காம் நாள் மகளோடு இருக்க நியூசிலாந்து போவதாக இருந்தார். எப்போது திரும்புவார் என்று யாருக்கும் தெரியாது. கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவது என் பொறுப்பு என்று நான்தான் வாக்குக் கொடுத்தேன். அதற்காகவே முதல் நாள் காரை சர்வீசுக்கு விட்டேன்.

வடசேரியில் எங்கள் வீட்டிலிருந்து மதியம் 1.30-க்குப் புறப்பட்டோம். சுங்கான்கடை தாண்டும்போது, 1.50-க்கு, ஒரு பள்ளத்தில் சக்கரம் இறங்கி ஏறியது. முன்னால் மஞ்சள் நிறத்தில் இன்ஜின் விளக்கு எரிந்தது. ஓரமாக நிறுத்தி ஒர்க்‌ஷாப்புக்கு ஃபோன் செய்தேன். சூப்பர்வைசர் அணைத்துவிட்டு மறுபடி ஸ்டார்ட் செய்யச் சொன்னார். விளக்கு போகவில்லை. சென்சார் போயிருக்கும், திங்கட்கிழமை கொண்டுவாருங்கள், புதியது போட்டுவிடலாம் என்றார். பானெட்டைத் திறந்து பார்க்காமல், அரை நிமிடத்தில், ஃபோனிலேயே ஒரு உறுப்புக்கு மரணச் சான்றிதழ் எழுதிவிட்டார். நேற்றுவரை உயிரோடு இருந்த சென்சார் உங்கள் கடைக்கு வந்துதான் செத்ததா என்று கேட்டேன். 

நான் மெக்கானிக் இல்லை. பள்ளிக்கூடத்தோடு படிப்பை நிறுத்தியவன். ஆனால் கார் வாங்கிய நாள் முதல் வீடியோ பார்த்தும் கையைக் கரியாக்கியும் கற்றுக்கொண்டிருக்கிறேன். விளக்கு மஞ்சளாக எரிந்தால் கவனிக்க வேண்டும். சிவப்பாக எரிந்தாலோ மஞ்சள் விட்டு விட்டு மின்னினாலோ உடனே நிறுத்த வேண்டும். சூடு ஏறவில்லை, இழுவை குறையவில்லை. மெதுவாகவே ஓட்டினேன். தக்கலை, மார்த்தாண்டம் வழியாக 40 கிலோமீட்டர். அருமனை போய்ச் சேர்ந்தபோது மணி 3.10.

மைனி சரிகை போட்ட கசவுக்கரைச் சேலை உடுத்து, ஃபிளாஸ்கில் பால் விடாத கட்டன் காப்பியோடு வாசலில் நின்றிருந்தார். விளக்கு விஷயத்தைச் சரோஜா அப்போதே சொல்லிவிட்டாள். டாக்சி கூப்பிடலாம் என்றும் சொன்னாள். முடியாது என்றேன். டாக்சியில் ஏறினால் மானம் போய்விடுமா என்று கேட்டாள். போகும் என்றேன். கடைசியில் நான்கு மணிவரை எனக்கு அவகாசம் என்று முடிவானது. அதற்கு மேல் தாமதித்தால் 6.30-க்கு மறைகிற சூரியனைப் பிடிக்க முடியாது.

மைனி நேராக என்னிடம் பேசமாட்டார். நான் அருகில் நிற்கும்போதே தங்கையிடம் சொல்வார். "ஏட்டி சரோஜா, உனக்க மாப்பிள வண்டிய நன்னாக்குவாரா, இல்ல நான் இந்தச் சேலைய மாத்திக் கொடியில போடட்டா?"

தீப்பெட்டி அளவில் ஒரு ஸ்கேனர் எப்போதும் காரில் வைத்திருப்பேன். ஸ்டியரிங்குக்குக் கீழே அதைச் செருகி, ஃபோனோடு இணைத்தால் வண்டி தன் நோயைத் தானே சொல்லும். பி-0113 என்று வந்தது. இன்ஜினுக்குள் போகிற காற்றின் வெப்பத்தை அளக்கும் சென்சாரிடமிருந்து செய்தி வரவில்லை என்று அர்த்தம். சென்சார் செத்திருக்கலாம். ஆனால் பள்ளத்தில் குலுங்கியபோது எரிந்த விளக்கு இது. ஒயர் எங்கேயோ விட்டிருக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றியது. அந்த சென்சார் ஏர் ஃபில்டர் பெட்டியை ஒட்டி இருக்கிறது. சர்வீஸ் பில்லில் முதல் வரியே ஏர் ஃபில்டர் மாற்றியதுதான்.

பானெட்டைத் திறந்து இருபது நிமிடம் பார்த்தேன். கண்ணுக்குத் தெரிந்த பிளக்கெல்லாம் இறுக்கமாக இருந்தன. ஃபில்டர் பெட்டியின் ஓரத்தில் நான் கட்டிவைத்த முடிப்பு மட்டும் கட்டிய இடத்திலேயே இருந்தது. எங்கள் வீட்டுக் கார் ஷெட்டில் எலி ஒயரைக் கடிக்கும். அதற்காகப் புகையிலையைச் சிவப்புத் துணியில் பொதிந்து, மஞ்சள் கயிற்றால் கட்டியிருந்தேன். நான் கட்டியது என்பதால் அந்தப் பக்கம் சந்தேகமே வரவில்லை. கடைசியில் ஒயரை விரலால் தடவிக்கொண்டே போனேன். அது முடிப்புக்கு அடியில் போய் நின்றது. துணியைத் தூக்கினால் சென்சார் பிளக் பாதிதான் உள்ளே இருக்கிறது. ஒயரோடு சேர்த்து நான் கட்டியிருந்த கயிறு அதைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது.

கயிற்றை அறுத்தேன். பிளக்கை அமுக்கினேன். டக் என்று சத்தம் கேட்டது. ஸ்கேனரில் அந்தக் குறியீட்டை அழித்தேன். விளக்கு அணைந்தது. மணி 3.45. பதினைந்து நிமிடம் மிச்சம் இருந்ததால் ஒர்க்‌ஷாப்புக்கு ஃபோன் போட்டு, வேலை செய்த மெக்கானிக்கையே கூப்பிடச் சொன்னேன். ஸ்பீக்கரில் போட்டேன், எல்லோரும் கேட்கட்டும் என்று. சேவியர் என்ற கடற்கரை ஊர்க்காரர் லைனில் வந்தார். பிளக் ஏன் பாதியில் நிற்கிறது என்று கேட்டேன்.

"சார், அந்தச் செவப்புத் துணி ஏதோ சாமிக்குக் கட்டுன நேர்ச்சைன்னுதான் நெனச்சேன். பிறத்தியாருக்க நேர்ச்சைய அவுக்க எனக்கு மனசு வரல்ல. அது இருக்கப்படியே, ஃபில்டர் மாத்தக் கழத்துன பிளக்க அமுத்தி வச்சேன்."

"அது பொயிலை டே. எலி வராம இருக்கக் கட்டுனது."

 சேவியர் தயங்கித் தயங்கிச் சொன்னார். "நான் அதத் தொட்டுக் கும்பிட்டுட்டுல்லா சார் வேலைய ஆரம்பிச்சேன்."

மைனி சிரித்த சிரிப்பில் ஃபிளாஸ்கைக் கீழே வைத்துவிட்டுப் படியில் உட்கார்ந்துவிட்டார். எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் கோபம் போகவில்லை. கட்டியது நான்தான், ஒத்துக்கொள்கிறேன். கேட்காமல் விட்டது அவர்கள்.

3.55-க்குக் கிளம்பினோம். மார்த்தாண்டத்தில் நெரிசலில் கால் மணி நேரம் நின்றோம். வில்லுக்குறி சாலையில் ஒரு பள்ளத்தில் வேண்டுமென்றே சக்கரத்தை இறக்கிப் பார்த்தேன். விளக்கு எரியவில்லை, சரோஜாதான் எரிந்து விழுந்தாள். 59 கிலோமீட்டர் ஓடி 6.05-க்குக் கன்னியாகுமரி. வண்டி நிறுத்த ஐம்பது ரூபாய். அங்கிருந்து கடற்கரைக்கு மைனியின் நடையில் பன்னிரண்டு நிமிடம்.

மேற்கே அடிவானத்தில் மேகம் இருந்தது. சூரியன் அதற்குள் போய், கடைசியில் ஒரு கீற்றாக வெளியே வந்து மறைந்தது. எல்லோரும் கிழக்கே திரும்பினார்கள். நிலவு கலங்கிய செம்மஞ்சளாக, கொஞ்சம் தாமதித்தே எழுந்தது. மைனி அங்கும் இங்கும் மாறி மாறிப் பார்த்தார். இதற்குத்தானா இவ்வளவு கூட்டம் என்று கேட்டார். அப்புறம் முக்கால் மணி நேரம் அந்த இடத்தைவிட்டு அசையவில்லை. கிளம்பும்போது தங்கையிடம் கேட்டார்: "வாற வருசமும் கொண்டு வருவாரான்னு கேளு."

இனி செய்ய வேண்டியவற்றை எழுதிவிடுகிறேன். ஒர்க்‌ஷாப், சர்வீஸ் முடிந்த காரை உரிமையாளரைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பள்ளம் உள்ள சாலையில் இரண்டு கிலோமீட்டர் ஓட்டிக் காட்ட வேண்டும். சூப்பர்வைசர் பானெட்டைத் திறக்காமல் எந்த சென்சாரையும் கொல்லக் கூடாது. சேவியர், பானெட்டுக்குள் எதைக் கண்டாலும், சாமியே ஆனாலும், என்னவென்று கேட்க வேண்டும். கும்பிடுவதை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம். பயணம் போகிறவர்கள் சர்வீசை ஒரு வாரம் முன்பே முடித்து, ஒரு ஸ்கேனரும் கையில் வைத்திருக்க வேண்டும். சித்திரை பௌர்ணமிக்கு மாலை ஐந்தரைக்குள் கடற்கரையில் இருக்க வேண்டும். எங்களைப் போல ஓடக் கூடாது. நான் புகையிலையை ஒயரில் கட்டக் கூடாது, பானெட் கொக்கியில் கட்ட வேண்டும். துணியின் நிறத்தை மாற்றச் சொல்லி சரோஜா கேட்கிறாள். அது நடக்காது.

மைனி அடுத்த சித்திரைக்குள் ஊருக்கு வர வேண்டும். மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்.